நாகர்கோவிலிலிருந்து லண்டன்: வான்வழித் தொலைவையும் பயண நேரத்தையும் நீங்களே கணக்கிட ஒரு வழிகாட்டி

கன்னியாகுமரி மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. ஆனாலும் நாகர்கோவிலுக்கும் லண்டனுக்கும் இடையே விமானத் தொலைவு எவ்வளவு என்று இணையத்தில் தேடினால், கிலோமீட்டரும் மணியும் நொடியில் வந்து விழுகின்றன. மணிமேடைச் சந்திப்பிலிருந்தே ஒரு விமானம் கிளம்பி, எங்கும் நிற்காமல் லண்டனில் போய் இறங்குவதாக வைத்துக்கொண்டு போட்ட கணக்கு அது. கணக்கில் பிழை இல்லை. அப்படியொரு விமானம்தான் இல்லை.

முதன்முறை வெளிநாடு போகிறவர்களும் அவர்களை வழியனுப்புகிறவர்களும் இந்த எண்ணை நம்பித்தான் திட்டம் போடுகிறார்கள். பத்தரை மணி நேரம் என்று படித்துவிட்டு வீட்டில் காத்திருப்பவர்கள், பதினைந்து மணி நேரம் கழித்தும் போன் வரவில்லையே என்று பதறுகிறார்கள். வானில் இருக்கும் நேரம் மொத்தப் பயணத்தில் பாதிதான். மறுபாதி சாலையிலும் வரிசையிலும் காத்திருப்பு நாற்காலியிலும் கழிகிறது. இரண்டையும் சேர்த்துக் கணக்கிடும் முறையைக் கீழே படிப்படியாகச் சொல்கிறேன். எடுத்துக்காட்டாக லண்டனை எடுத்துக்கொள்கிறேன். வேறு ஊர் என்றால் எண்கள் மாறும், முறை மாறாது.

முதற்படி: எங்கிருந்து பறக்கப் போகிறீர்கள்?

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் விமான நிலையம் சாலை வழியாக எழுபது கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. திருவிதாங்கூர் காலத்தில் தொடங்கிய நிலையம் இது. 1956 நவம்பர் 1-இல் நம் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு இணைந்தபோது விமான நிலையம் எல்லைக்கு அப்பால் நின்றுவிட்டது. மார்த்தாண்டம், களியக்காவிளை, கொல்லங்கோடு, கருங்கல் பகுதியினருக்கு வேறு நிலையத்தைப் பற்றி யோசிக்க வேண்டிய தேவையே இல்லை.

ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கத்தவர்கள் சென்னைக்கோ பெங்களூருக்கோ போவதென்றால் தூத்துக்குடி வாகைக்குளத்தையும் பார்க்கலாம். அங்கே 2025 ஜூலையில் புதிய முனையம் திறக்கப்பட்டது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தூத்துக்குடி–சென்னை வான்வழித் தொலைவு சுமார் 530 கிலோமீட்டர். திருவனந்தபுரம்–சென்னை சுமார் 615. தொலைவு குறைவாக இருந்தும் நேரம் குறையாது. தூத்துக்குடித் தடத்தில் பெரும்பாலும் ஓடுவது விசிறி சுழலும் ஏடிஆர் விமானம். அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர். திருவனந்தபுரத்திலிருந்து போகும் ஜெட் 800-ஐத் தாண்டும். ஆகவே தொலைவைக் கேட்டவுடன், எந்த வகை விமானம் என்பதையும் சேர்த்துக் கேட்பது நல்லது.

மதுரையிலிருந்தும் வெளிநாட்டு விமானங்கள் உண்டு. நாகர்கோவிலிலிருந்து நான்குவழிச் சாலையில் நான்கு மணி நேரம் போக மனமிருந்தால், டிக்கெட் விலை கணிசமாகக் குறையும்போது மட்டும் யோசிக்கலாம்.

இரண்டாம் படி: நேர்த் தொலைவைக் கண்டுபிடிப்பது

சுவரில் மாட்டிய உலகப் படத்தில் அளவுகோலை வைத்து அளக்க வேண்டாம். உருண்டையைத் தட்டையாக விரித்ததால் வடக்கே போகப்போகப் படம் ஊதிப் பெரிதாகியிருக்கும். வீட்டில் பள்ளிப் பிள்ளைகளின் உலக உருண்டை இருந்தால் ஒரு நூலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையைத் திருவனந்தபுரத்திலும் மறு முனையை லண்டனிலும் வைத்து இழுத்துப் பிடியுங்கள். நூல் படுகிற பாதைதான் மிகக் குறுகிய பாதை. பெருவட்டப் பாதை என்பார்கள்.

முப்பது சென்டிமீட்டர் விட்டமுள்ள உருண்டை என்றால் அதன் சுற்றளவு சுமார் 94 சென்டிமீட்டர். பூமியின் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர். ஆக, நூலில் ஒரு சென்டிமீட்டர் சுமார் 425 கிலோமீட்டர். திருவனந்தபுரம்–லண்டன் நூல் இருபது சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வரும். பெருக்கினால் 8,400 கிலோமீட்டர். கணினி சொல்லும் விடையும் அதுவேதான்.

நேர் வடக்கே இருக்கும் ஊர்களுக்கு நூல்கூட வேண்டாம். ஒரு பாகை அட்சரேகை ஏறத்தாழ 111 கிலோமீட்டர். திருவனந்தபுரமும் டெல்லியும் கிட்டத்தட்ட ஒரே தீர்க்கரேகையில், 77 பாகையை ஒட்டி இருக்கின்றன. ஒன்று எட்டரைப் பாகை வடக்கில், மற்றொன்று இருபத்தெட்டரைப் பாகை வடக்கில். வித்தியாசம் இருபது. பெருக்கினால் 2,220 கிலோமீட்டர். துல்லியமான கணக்கு 2,233. மனக்கணக்குக்கு இது போதாதா?

இணையத் தளங்களில் தேடுவதானால் ஊர்ப் பெயரைப் போடாமல் விமான நிலையக் குறியீட்டைப் போடுங்கள். திருவனந்தபுரத்துக்கு டிஆர்வி, துபாய்க்கு டிஎக்ஸ்பி, லண்டன் ஹீத்ரோவுக்கு எல்எச்ஆர். லண்டனைச் சுற்றி ஐந்தாறு விமான நிலையங்கள் இருக்கின்றன. விடை மைலில் வருகிறதா, கடல் மைலில் வருகிறதா என்றும் பாருங்கள். ஒரு மைல் 1.609 கிலோமீட்டர், விமானிகள் கணக்கிடும் கடல் மைல் 1.852 கிலோமீட்டர்.

நூலும் கையுமாக இருக்கும்போதே இன்னும் சில ஊர்களை அளந்து பாருங்கள். திருவனந்தபுரத்திலிருந்து கொழும்பு சுமார் 355 கிலோமீட்டர், மாலத்தீவின் மாலே சுமார் 605. அதாவது நமக்குச் சென்னையைவிடக் கொழும்பு வெகு பக்கம்; மாலேயும் சென்னையும் ஏறத்தாழ ஒரே தூரம். கன்னியாகுமரிக்கும் அசாமின் திப்ருகருக்கும் நேர்த் தொலைவு சுமார் 2,825 கிலோமீட்டர். விவேக் எக்ஸ்பிரஸ் அதே இரண்டு ஊர்களுக்கு இடையே 4,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடி, மூன்று நாளுக்கு மேல் எடுத்துக்கொள்கிறது.

மூன்றாம் படி: இடையில் எங்கே இறங்குகிறீர்கள்?

டிக்கெட் பார்க்கும்போது பலரும் விலையோடு நின்றுவிடுகிறார்கள். இணைப்பு ஊர் நேர்ப்பாதையிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்ப்பதில்லை. உருண்டையில் பிடித்த நூலை உற்றுப் பாருங்கள். அது வளைகுடா நாடுகளை ஒட்டிப் போகும். திருவனந்தபுரம்–துபாய் 2,950 கிலோமீட்டர், துபாய்–லண்டன் 5,500, கூட்டினால் 8,450. நேராகப் பறப்பதைவிட ஐம்பது கிலோமீட்டர்தான் அதிகம். நாகர்கோவிலிலிருந்து மார்த்தாண்டம் போய்த் திரும்புவதைவிடக் குறைவு! வளைகுடா நிலையங்கள் இணைப்பு ஊர்களாக வளர்ந்ததற்குப் பணம் மட்டும் காரணமல்ல, இந்த இட அமைப்பும் காரணம்.

டெல்லி வழியாகப் போனால்? 2,233-உம் 6,730-உம் சேர்ந்து 8,960-ஐத் தாண்டும். நேர்ப்பாதையைவிட 560 கிலோமீட்டர் கூடுதல். வானில் முக்கால் மணி நேரம். இதுவும் காகிதக் கணக்குதான். 2025 ஏப்ரல் இறுதியில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியது; அந்தத் தடை அடுத்தடுத்து நீட்டிக்கப்பட்டது. 2019-இலும் சில மாதங்கள் இப்படி மூடப்பட்டிருந்தது. அந்தக் காலங்களில் டெல்லியிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகும் இந்திய விமானங்கள் தெற்கே சுற்றித்தான் போக வேண்டியிருந்தது. வளைகுடாப் பாதைக்கும் ஆபத்தில்லாமல் இல்லை. 2025 ஜூன் 23 இரவு கத்தார் வான்வெளி சில மணி நேரம் மூடப்பட்டபோது, தோஹா போய்க்கொண்டிருந்த விமானங்கள் வழியிலேயே திருப்பிவிடப்பட்டன. புறப்படும் வாரத்தில் செய்திகளைப் பார்ப்பதும் பயணத் திட்டத்தில் ஒரு பகுதி.

சென்னைக்குப் போய் லண்டனுக்கு நேரடி விமானம் பிடித்தால் நேரம் மிச்சமாகாதா என்று கேட்பவர்கள் உண்டு. சென்னை–லண்டன் 8,230 கிலோமீட்டர், பத்தரை முதல் பதினோரு மணி நேரப் பறப்பு. ஆனால் நாகர்கோவிலிலிருந்து சென்னை எழும்பூருக்கு வந்தே பாரத் ரயிலிலேயே ஒன்பது மணி நேரம் ஆகிறது. மற்ற விரைவு ரயில்களில் ஓர் இரவு. அங்கே இறங்கி மீனம்பாக்கம் போக வேண்டும், ரயில் தாமதமானால் என்ன செய்வது என்று முன்னதாகவே கிளம்ப வேண்டும். கூட்டிப் பார்த்தால் நேரடி விமானம்தான் அதிக நேரம் பிடிக்கும். சென்னையில் உறவினர் வீட்டில் ஒரு நாள் தங்குவதாக இருந்தால் அது வேறு விஷயம்.

நான்காம் படி: கிலோமீட்டரை மணியாக்குவது

இதற்கு எளிய வழி ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு பறப்பின் தொலைவையும் 850-ஆல் வகுத்து, வரும் மணியோடு முப்பத்தைந்து நிமிடம் கூட்டுங்கள். ஜெட் விமானம் உயரத்தில் ஏறத்தாழ 850 முதல் 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலேறுவது, இறங்கும் முன் சுற்றுவது, மறுபடி ஊர்ந்து வருவது ஆகியவற்றுக்குத்தான் இந்த முப்பத்தைந்து நிமிடம்.

சென்னை: 615-ஐ 850-ஆல் வகுத்தால் முக்கால் மணிக்குச் சற்றுக் குறைவு, முப்பத்தைந்து நிமிடம் சேர்த்தால் ஒரு மணி இருபது நிமிடம். டெல்லி: மூன்றே கால் மணி. சிங்கப்பூர் 3,100 கிலோமீட்டர்: நாலே கால் மணி. துபாய்: நான்கு மணியும் கொஞ்சமும். கால அட்டவணையோடு ஒப்பிட்டால் பெரும்பாலும் பத்துப் பதினைந்து நிமிட வித்தியாசத்துக்குள் வரும். இணைப்பு விமானம் என்றால் முப்பத்தைந்து நிமிடத்தை ஒவ்வொரு பறப்புக்கும் தனித்தனியாகக் கூட்ட வேண்டும்.

துபாய்–லண்டன் தடத்தில் இந்தக் கணக்கு ஏழு மணி என்று சொல்லும். போகும்போது உண்மையில் ஏழரை மணி ஆகிவிடும், வரும்போது ஏழுக்குள் முடிந்தாலும் முடியும். காரணம் காற்று. ஒன்பது முதல் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், நடு அட்சரேகைகளில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்றோட்டம் என்ற பெருங்காற்று வீசுகிறது. குளிர்காலத்தில் அதன் வேகம் இன்னும் கூடும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆடி மாதக் காற்றை எதிர்த்துச் சைக்கிள் மிதித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் நம் தென்னிந்தியாவுக்கு மேலே மட்டும் நிலைமை தலைகீழ்: மிக உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காகக் காற்று ஓடும். ஆகவே மாதத்தைப் பொறுத்தும் சில நிமிடங்கள் முன்பின் ஆகும்.

ஐந்தாம் படி: கடிகாரத்தை நேராக்குவது

இங்கேதான் முக்கால்வாசிப் பேர் தடுமாறுகிறார்கள். டிக்கெட்டில் இருக்கும் ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊர் நேரம். புறப்படும் நேரத்தை வரும் நேரத்திலிருந்து அப்படியே கழித்தால் கிடைப்பது பயண நேரம் அல்ல.

எல்லாவற்றையும் முதலில் இந்திய நேரமாக மாற்றிக்கொள்ளுங்கள். துபாய் நம்மைவிட ஒன்றரை மணி பின்னால். அங்குள்ள நேரத்தோடு ஒன்றரை மணி கூட்டினால் இந்திய நேரம். சிங்கப்பூர் இரண்டரை மணி முன்னால். அங்கே கழிக்க வேண்டும். லண்டன் குளிர்காலத்தில் ஐந்தரை மணி பின்னால், கோடையில் நாலரை மணி பின்னால். மார்ச் மாதக் கடைசி ஞாயிறன்று அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி, அக்டோபர் கடைசி ஞாயிறன்று திரும்பப் பின்னே இழுத்துவிடுகிறார்கள். டொரன்டோ போகிறவர்கள் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும். அங்கே இந்த மாற்றம் மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் நடக்கிறது. வித்தியாசம் ஒன்பதரை மணி அல்லது பத்தரை மணி.

விமான நிறுவனங்களும் மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகளில்தான் கோடை, குளிர்கால அட்டவணைகளை மாற்றுகின்றன. அந்த வாரங்களில் பயணம் என்றால், முன்பு எப்போதோ பதிவு செய்த டிக்கெட்டை எடுத்து நேரத்தை மறுபடி சரிபாருங்கள்.

ஆறாம் படி: நள்ளிரவுத் தேதி

பதினைந்தாம் தேதி அதிகாலை 12.40-க்கு விமானம் என்றால், வீட்டிலிருந்து கிளம்ப வேண்டியது பதினான்காம் தேதி மாலை. பதினைந்தாம் தேதி இரவு பெட்டி கட்டிக்கொண்டு போனால் விமானம் போய் ஒரு நாள் ஆகியிருக்கும். வாடகைக் காருக்குச் சொல்லும்போது தேதியோடு கிழமையையும் சேர்த்து, "பதினான்காம் தேதி, திங்கள் இரவு" என்று சொல்லுங்கள். வந்து சேரும் நேரத்தின் பக்கத்தில் கூட்டல் குறியும் ஒன்று என்ற எண்ணும் இருந்தால் மறுநாள் என்று பொருள்.

ஏழாம் படி: வாசலிலிருந்து ஓடுபாதை வரை

எழுபது கிலோமீட்டருக்கு எவ்வளவு நேரம்? வரைபடச் செயலி ஒன்றரை மணி என்று காட்டலாம். நள்ளிரவில் அது சரியாகவும் இருக்கலாம். பகலில் தக்கலையையும் களியக்காவிளைச் சந்தைப் பகுதியையும் கடக்கிறவர்கள் இரண்டரை மணி வைத்துக்கொள்ள வேண்டும். மார்த்தாண்டம் மேம்பாலம் கொஞ்சம் கைகொடுக்கிறது. எல்லை தாண்டியதும் நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் ஊர்களுக்குள் நுழையாமல் காரோடு–கழக்கூட்டம் புறவழிச்சாலையைப் பிடித்தால் சாக்கை வரை ஓரளவு தடையின்றிப் போகலாம். திருவல்லத்தில் சுங்கச்சாவடி உண்டு.

ரயிலில் போகிறவர்கள் திருவனந்தபுரம் சென்ட்ரலில் இறங்கி ஆட்டோவில் ஐந்தாறு கிலோமீட்டர் போக வேண்டும். வடசேரியிலிருந்து பஸ்ஸில் போனால் தம்பானூரில் இறங்கலாம். பெட்டி ஒன்றே என்றால் இவை மலிவான வழிகள். இரண்டு பெரிய பெட்டியும், நேந்திரங்காய் சிப்ஸும் கருப்பட்டியும் நிறைந்த அட்டைப்பெட்டியும் இருந்தால் கார்தான்.

விமான நிலையத்தின் இரு முனையங்களும் ஓடுபாதையின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கின்றன. வெளிநாட்டு விமானங்களுக்குச் சாக்கைப் பக்கம். மற்றொன்று சங்குமுகம் கடற்கரைப் பக்கம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்து போக முடியாது, ஊரைச் சுற்றித்தான் போக வேண்டும். உள்நாட்டு விமானம் என்றாலும் டிக்கெட்டில் முனைய எண்ணைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

இன்னொன்று இந்த நிலையத்துக்கே உரியது. பங்குனி, ஐப்பசித் திருவிழாக்களின் நிறைவில் பத்மநாபசுவாமி கோயில் ஆராட்டு ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்து சங்குமுகம் கடலுக்குப் போகிறது. அந்த மாலை சுமார் ஐந்து மணி நேரம் விமானங்கள் நிறுத்தப்படும். நிறுவனங்கள் நேரத்தை முன்கூட்டியே மாற்றி அறிவிக்கும். பதிவு செய்தபோது கொடுத்த செல்பேசி எண் உங்களுடையதுதானா, ஏஜென்டுடையதா என்று பாருங்கள். நம் பக்கத்திலும் நாட்கள் உண்டு: சபரிமலைக் காலத்துக் கூட்டம், கோட்டாறு சவேரியார் பேராலயத் திருவிழா, சுசீந்திரம் தேர், மண்டைக்காடு கொடை. அந்த நாட்களில் அரை மணி முன்னதாகக் கிளம்புங்கள்.

வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி முன்னதாக நிலையத்தில் இருக்க வேண்டும். செக்-இன் கவுண்ட்டரைப் பெரும்பாலும் புறப்பாட்டுக்கு ஒரு மணி முன்பே மூடிவிடுவார்கள்.

எல்லாவற்றையும் கூட்டிப் பார்ப்போம்

ஒரு மாதிரிப் பயணம். ஜனவரி மாதம், செவ்வாய் அதிகாலை 4.30-க்குத் திருவனந்தபுரத்தில் விமானம். திங்கள் இரவு 11.30-க்கு நாகர்கோவிலில் கிளம்பினால் 1.30-க்கு நிலையத்தில் இருப்பீர்கள். துபாய் வரை நாலே கால் மணி. இந்திய நேரம் 8.45, துபாய்க் கடிகாரத்தில் 7.15. அங்கே இரண்டரை மணி காத்திருப்பு. 9.45-க்குக் கிளம்பி ஏழரை மணி பறந்தால் துபாய் நேரம் மாலை 5.15, லண்டனில் அப்போது பிற்பகல் 1.15.

இமிகிரேஷன் வரிசைக்கும் பெட்டி வருவதற்கும் ஒன்றரை மணி. அங்கிருந்து சுரங்க ரயிலிலோ பஸ்ஸிலோ தங்குமிடம் சேர இன்னொரு ஒன்றரை மணி. கதவைத் திறக்கும்போது லண்டனில் மாலை 4.15; நாகர்கோவிலில் இரவு 9.45. முந்தின இரவு 11.30-இலிருந்து எண்ணினால் 22 மணி 15 நிமிடம். இதில் விமானத்துக்குள் இருந்தது 11 மணி 45 நிமிடம். வீட்டிலிருப்பவர்கள் போனை எதிர்பார்க்க வேண்டிய நேரம் செவ்வாய் மாலை ஏழு மணிக்கு மேல்.

இரண்டரை மணிக் காத்திருப்பு ஒரே டிக்கெட்டில் இரண்டு பறப்பும் இருந்தால் போதும். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால், அடுத்ததில் ஏற்றிவிடுவது அந்த நிறுவனத்தின் பொறுப்பு. மலிவாகக் கிடைக்கிறது என்று இரண்டையும் தனித்தனியாக வாங்கினால் அந்தப் பாதுகாப்பு இல்லை. இடையில் பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைக்கவும் நேரலாம், அதற்கு அந்த நாட்டு விசாவும் கேட்கலாம். என்னைக் கேட்டால், முதல் பயணத்தில் தனித்தனி டிக்கெட் வேண்டவே வேண்டாம்.

திரும்பும் பயணத்துக்கும் இதே முறைதான். வெள்ளி பிற்பகல் 2 மணிக்கு லண்டனில் ஏறினால் காற்று துணைக்கு வரும். ஏழு மணியில் துபாய், அங்கே நேரம் சனி அதிகாலை 1. இரண்டு மணிக் காத்திருப்புக்குப் பின் நான்கு மணிப் பறப்பு. திருவனந்தபுரத்தில் இறங்கும்போது சனி காலை 8.30. அழைத்துப்போக வரும் காரை எட்டரைக்கு வரச் சொல்லி நிறுத்தக் கட்டணத்தை ஏற்ற வேண்டாம். ஒன்பதரைக்குச் சாக்கை முனையத்தில் இருந்தால் போதும். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம், தக்கலையில் போக்குவரத்து நகர்ந்தால்.